நாளைக்கு வேன் வருமா?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடல் உணவுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களிடம், "நிர்வாகம் உங்களிடம் எதைச் சொல்லணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனியின் வளர்ச்சி, லட்சியம் பற்றியெல்லாம் ஒருவரும் கேட்க மாட்டார்கள். "நாளைக்கு வேலை இருக்கா, வேன் வருமா? அதை முந்துன நாள் சாயங்காலமே சொல்லிட்டாப் போதும்" என்பார்கள். பணியாளர் ஈடுபாடு என்ற தலைப்பில் நான் உட்கார்ந்த பயிற்சி வகுப்புகள் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. பிறந்தநாள் கேக், மாதத்தின் சிறந்த பணியாளர் போட்டோ, சுவரில் ஒட்டும் வாசகம், செல்போன் ஆப் என்றே அந்த வகுப்புகள் போகும். கேக்கோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் விடியுமுன்னே எழுந்து சோறு பொங்கி, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு, உச்சிப்புளி ரோட்டோரம் இருட்டில் நிற்கிற பெண்ணுக்கு வேன் வரவில்லை என்றால், அன்றைக்கு அவள் பிறந்தநாளாகவே இருந்தாலும் கேக் இறங்காது.

இந்தக் கடற்கரையில் ஒரு பதப்படுத்தும் ஆலையில் ஆள் நிர்வாகம் பார்க்கிறேன். நீல நண்டைப் பிரித்துச் சதை எடுப்பது, கணவாய் சுத்தம் செய்வது, இறால் உரிப்பது, தரம் பிரித்து உறைய வைத்து அனுப்புவது. மேசையில் நின்று வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, மரைக்காயர்பட்டினம், உச்சிப்புளி என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசாப் பெண்களும் உண்டு.

எங்கள் தொழிலில் வேலை நாளைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்பது வெகுகாலமாக நடக்கும் ஏற்பாடு. காற்று பலமாக அடித்தால் மீன்வளத் துறை டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, கொடுக்காது. டோக்கன் இல்லையென்றால் போட் போகாது. வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணை குமுறும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா குமுறும். இலங்கைக் கடற்படை ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் சங்கங்கள் கூடி வேலைநிறுத்தம் அறிவிக்கும். இது போக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. இத்தனையும் தாண்டிச் சரக்கு எவ்வளவு வரும், எந்த மேசைக்கு வரும் என்பதைக் கொள்முதல் பிரிவு கணித்து, புரொடக்‌ஷன் மேனேஜருக்குச் சொல்லி, அவர் எனக்குச் சொல்லி, நான் சூப்பர்வைசருக்குச் சொல்லி, அவர் வேன் டிரைவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் ராத்திரி பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் யார் யாருக்குப் போன் போட முடியும்?

விடை டீ நேரத்தில் கிடைத்தது. பாம்பனிலிருந்து வரும் ஒரு அக்கா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் மேடம், நாளைக்கு டோக்கன் இல்லையாமே. அப்புறம் எதுக்கு வேன் போகுதுன்னு எழுதிப் போட்டிருக்கீங்க?"

"உங்களுக்கு யாரு சொன்னது, அக்கா?"

"எங்க வீட்டுக்காரரு மதியமே ஐஸை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. இதுக்கு யாரும் வந்து சொல்லணுமாக்கும்?"

எங்கள் கொள்முதல் பிரிவுக்கு அந்தத் தகவல் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வந்தது. மேசையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேரின் புருஷனோ அண்ணனோ மாமனாரோ போட்டில் இருக்கிறார்கள். கடல் சேதி எங்களைவிட முன்னால் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. தகவல் என்றால் ஆபீசிலிருந்து கீழே இறங்குவது என்றே எல்லாரும் நினைக்கிறோம். எங்கள் ஆலையில் மிக முக்கியமான தகவல் மேசையில்தான் இருந்தது. மேலே ஏறி வர அதற்கு வழிதான் இல்லை.

அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு மிக எளிமையானது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களிடம் கொள்முதல் பிரிவுத் தம்பி ஒருவர் ஒரு நடை வந்து, "அக்கா, நாளைக்கு நம்ம பக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருடைய வியாபாரிகள் சொல்வதையும் இவர்கள் சொல்வதையும் ஒட்டிப் பார்ப்பார். சாயங்காலம் ஏழு மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போகும். எழுத்துச் செய்தி கிடையாது. வயசான பெண்கள் பலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அடுப்படியில் நின்றபடி கேட்பது சுலபம்.

செய்தியின் அமைப்பைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் கிழமையும் தேதியும். இதைச் சொல்லாமல் "நாளைக்கு வேலை உண்டு" என்று பேசினால், அதை யாரோ மறுநாள் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் அதற்கு அடுத்த நாள் வந்து கேட்டில் நிற்பார். அடுத்து எந்த மேசைக்கு வேலை, எந்த மேசைக்கு இல்லை. அதன்பின் வேன் நேரம், ஊர் ஊராக. கடைசியாக, நிச்சயம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும்: "கணவாய் மேசைக்கு இன்னும் முடிவாகலை, காலையில நாலு மணிக்கு இன்னொரு செய்தி வரும்." இந்தக் கடைசி வரியைச் சொல்ல மேனேஜர்கள் ரொம்பக் கூச்சப்படுவார்கள். தெரியாது என்றால் மரியாதை போய்விடும் என்று ஒரு நினைப்பு. நடந்தது தலைகீழ். நிச்சயமில்லை என்று ஒரு தடவை ஒழுங்காகச் சொன்ன பிறகுதான், நிச்சயம் என்று சொல்லும்போது நம்பினார்கள்.

எல்லாரிடமும் செல்போன் இருப்பதாகக் கணக்குப் போடக் கூடாது. பல வீடுகளில் ஒரே போன், அது மகன் கையில், அதில் அவன் விளையாடிக்கொண்டிருப்பான். அதனால் ஒவ்வொரு வேன் நிறுத்தத்துக்கும் ஒருவரை வைத்தோம். "ஸ்டாப் அக்கா" என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தெருவில் நடந்து இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வது அவர் வேலை, மாதா மாதம் ரீசார்ஜ் கம்பெனி செலவு. குரூப்பில் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று அடைத்துவிட்டோம். இல்லாவிட்டால் ரோஜாப் பூ குட் மார்னிங் படங்களுக்கு அடியில் வேன் நேரம் புதைந்துபோகும். இன்னொன்று: அந்தப் போனைப் புருஷன் பார்ப்பான், மாமியார் பார்ப்பார். ஆகவே யார் வரவில்லை, யார் தாமதம், யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் குரூப்பில் ஏறவே கூடாது. பெண்களின் போட்டோவும் கூடாது. ஒரு சூப்பர்வைசர் தாமதமாக வந்தவர்கள் பட்டியலைப் பெருமையாகப் போட்டார். அன்று ராத்திரி ஒரு வீட்டில் நடந்த சண்டையைப் பற்றி மறுநாள் கேள்விப்பட்டதிலிருந்து இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அடுத்தது தராசு. நண்டுச் சதையும் உரித்த இறாலும் எடைக் கணக்கு. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், எழுதுகிற தம்பி எண்ணைப் பார்த்து நோட்டில் குறிப்பார். தராசின் முகம் அவரைப் பார்த்து இருக்கும். இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்குத் தெரிவது தராசின் முதுகு. "எடை அடிக்கிறாங்க" என்ற முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. சோதித்துப் பார்த்தோம், எடையில் தப்பில்லை. ஆனால் சந்தேகத்துக்குத் தப்பு தேவையில்லையே, மறைவு இருந்தால் போதும். எலக்ட்ரானிக் தராசுக்கு வயர் போட்டு இரண்டாவது முகம் மாட்டலாம், பெரிய செலவில்லை. அதை மாட்டிப் பெண்கள் பக்கம் திருப்பிவைத்தோம். இப்போது கிண்ணத்தை வைத்தவர் எண்ணைத் தானே உரக்கப் படிக்கிறார், எழுதுபவர் அதையே திரும்பச் சொல்லிவிட்டு எழுதுகிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் இதில் சிரமமில்லை, எண் எல்லாருக்கும் தெரியும்.

பணியாளர் தொடர்பு என்றால் கூட்டம், சுற்றறிக்கை என்றே கை போகிறது. ஒரு தொழிலாளி ஒரு நாளில் கம்பெனியோடு அதிகத் தடவை பேசுவது அந்தத் தராசு வழியாகத்தான். அது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் எத்தனை கூட்டம் போட்டாலும் பயனில்லை. இதை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வேறு ஊர்களில் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் ஆப் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். முதலில் தராசைப் போய்ப் பாருங்கள் என்கிறேன். உங்கள் தொழிலில் அது வருகைப் பதிவு மெஷினாக இருக்கலாம், தையல் பீஸ் எண்ணும் சீட்டாக இருக்கலாம்.

நோட்டீஸ் போர்டு ஆபீஸ் வராந்தாவில் கண்ணாடிக் கதவோடு பூட்டிக் கிடந்தது. அந்த வழியாகப் போவது ஆடிட்டரும் சரக்கு வாங்க வருபவர்களும் மட்டும். மேசைக்குப் போகிறவர்கள் உடை மாற்றி, தலையுறை போட்டு, கம்பூட் மாட்டி, குளோரின் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்து, கை கழுவும் குழாய் வரிசையில் நிற்பார்கள். உள்ளே போன் அனுமதி இல்லை. அந்த வரிசையில் நிற்கும்போது பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, எதிர்ச் சுவரைத் தவிர. போர்டை அங்கே மாட்டினோம். காகிதம் ஈரத்தில் ஊறிப்போகும் என்பதால் வெள்ளைப் பலகையும் கறுப்பு மார்க்கரும். பெரிய எழுத்து, நாலைந்து வரிக்கு மேல் கிடையாது.

இந்தப் பலகைக்கு ஒரு விதி எழுதினோம். அதற்கு எங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், ஒன்றாம் எண்ணா மூன்றாம் எண்ணா என்று தெரிந்ததும் கரையில் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். ஏற்றுவதற்குப் பொறுப்பான ஆள் உண்டு. ஆபத்து நீங்கினால் இறக்கிவிடுவார்கள், அதுதான் முக்கியம். எங்கள் பழைய போர்டில் முந்தின வருஷத்துத் தீபாவளி போனஸ் அறிவிப்பு பொங்கல் தாண்டியும் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது பலகையில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரும், அழிக்க வேண்டிய தேதியும் இருக்கும். தேதி வந்தால் அழித்துவிட வேண்டும். பலகை காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

பெண்களுக்கான உள் புகார்க் குழு பற்றிய அறிவிப்பை மட்டும் அங்கே வைக்கவில்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும், அதன் விவரத்தைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். வைத்திருந்தோம், ஆங்கிலத்தில், வாட்ச்மேன் ஸ்டூலுக்கு மேலே. வாட்ச்மேன் பார்க்க நின்று எந்தப் பெண் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வாள்? தமிழிலும் ஒடியாவிலும் எழுதி, பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டினோம். 181 பெண்கள் உதவி எண்ணையும் சேர்த்தோம்.

இனி நண்டுச் சதை அடைத்துப் போகும் டின். அந்தச் சதையில் ஜம்போ லம்ப் என்று ஒரு ரகம் உண்டு. நண்டின் நீந்தும் கால் சேரும் இடத்தில் உள்ள பெரிய சதை, உடையாமல் முழுசாக வர வேண்டும். உடைந்தால் அடுத்த ரகத்துக்கு இறங்கிவிடும், விலையும் இறங்கும். ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தால் வாங்குபவர் புகார் அனுப்புவார். அந்தப் புகார் மேசைக்கு வரும்போது வசையாக மாறியிருக்கும்: "கண்ணை எங்க வச்சிருக்கீங்க? ஓடு ஓடாப் போகுது." வசையைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் மரத்துவிட்டது.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஒருநாள் ஒரு டின்னை எடுத்துவந்து மேசை மேலேயே திறந்து, தட்டில் கொட்டினாள். ஒரு பவுண்டு டின், 454 கிராம். வெள்ளை வெளேரென்று முழுத் துண்டுகள். வருஷக் கணக்கில் சதை எடுத்தவர்கள் பலர் அதை அதுவரை பார்த்ததே இல்லை. அவர்கள் எடுத்துக் கொடுப்பது ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும், அவ்வளவுதான். "இது நம்ம கிண்ணத்துலேருந்து போனதா?" என்று தொட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்கு ஓடு வாயில் பட்டால் அங்கே சாப்பிடுகிறவர் என்ன செய்வார், அந்த டின் எந்த மேசை, எந்தத் தேதி என்று குறியீட்டை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று அவள் காட்டினாள். வேதாளை ஆத்தா ஒருவர், "அப்ப அந்த லைட்டை இந்தப் பக்கம் இறக்கிப் போடச் சொல்லு. என் நிழலே சதை மேல விழுது, ஓடு எங்க தெரியும்?" என்றார். லைட்டை இறக்கினோம். வசவு பாடியபோது இந்த யோசனை வந்திருக்காது.

ஆலோசனைப் பெட்டி எங்களிடமும் இருந்தது. பூட்டுப் போட்டு, கேமராவுக்கு நேர் எதிரே. எழுதிப் போடுவதற்கு அங்கே பேனா கிடையாது. யார் அதை அங்கே மாட்டினாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர். டொயோட்டா 1951-ல் தொடங்கிய ஆலோசனைத் திட்டத்தைப் பற்றிப் பாடங்களில் சிலாகித்துச் சொல்வார்கள். பெட்டி மட்டும் அதைச் செய்துவிடவில்லை, போட்ட சீட்டுக்கு யாரோ பதில் சொன்னார்கள்.

பெட்டிக்குப் பதில் கேள்வி நோட்டு வந்தது. ஒவ்வொரு மேசையிலும் அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் டீ நேரத்தில் கேள்விகளை வாங்கி எழுதுவார். கேட்டவர் பெயர் எழுத வேண்டியதில்லை. பதில் வாரத்துக்குள் அதே நோட்டில், பேனாவில், கையெழுத்தோடு வர வேண்டும். முடியாது என்றால் முடியாது, ஏன் முடியாது என்று ஒரு வரி. ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போகிறது, உள்ளே பருத்திக் கையுறை போட்டு மேலே ரப்பர் கையுறை போடலாமா என்று கேட்டார்கள். சரி என்று பதில் போனது. ஏ.சி.யைக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது, அறை சூடானால் சதை கெடும், சரக்கு முழுதும் போகும் என்று பதில். இரண்டாவது பதிலில் யாரும் கோபப்படவில்லை. வெகுநாளாகக் கேட்டும் பதிலே வராத கேள்விதான் கோபமாகிறது.

கேள்வி நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டினால் பாதி லீவு பற்றித்தான். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுப் பதிவு எப்போது, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எத்தனை பேருக்கு லீவு கிடைக்கும், உத்தரகோசமங்கை ஆருத்ராவுக்குப் போகலாமா. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ராமேஸ்வரம் ரோட்டில் வேனே நகராது, அன்றைக்கு லேட் போடுவீர்களா என்றும் ஒரு கேள்வி. மிக நியாயமான கேள்வி. இப்போது தை பிறந்ததும் வருஷம் முழுவதற்குமான திருவிழாப் பட்டியலை மூன்று மதத்துப் பெண்களும் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறார்கள். இவர்கள் லீவுக்கு அவர்கள் வருவது என்று பேசி வைத்துக்கொள்வதும் அவர்களே. எனக்கு அதில் கையெழுத்துப் போடும் வேலை மட்டும்.

சம்பளச் சிலிப்பு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் விஷயம் இருக்கிறது. "எதுக்கு இவ்வளவு பிடிக்கிறாங்க?" என்பது எல்லா ஆலையிலும் உள்ள கேள்வி. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்டுகிறது. வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். சிலிப்பில் தெரிவது பிடித்தம் மட்டும், கம்பெனி கட்டுவது தெரியாது. ஆகவே சிலிப்பின் கீழே இரண்டு வரி தமிழில் சேர்த்தோம், கம்பெனி கட்டிய தொகை இவ்வளவு என்று. பி.எஃப். பதிவில் உள்ள போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் என்று காட்டிக் கொடுத்தோம். கம்பெனி சொல்வதை நம்ப வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் நாள் கணக்கு என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். உடம்பு சரியில்லாத நாட்களுக்கான பணம் கிடைக்க ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். பேறுகாலப் பயனுக்கு முந்தைய இரண்டு காலங்களையும் சேர்த்து 70 நாள். பேறுகாலப் பயன் 26 வாரம், சின்னத் தொகை இல்லை. எங்கள் தடைக்காலம் சரியாக ஏப்ரல்–செப்டம்பரில் விழுகிறது. அந்த இரண்டு மாதம் வேலை குறைந்து, மிச்ச நாட்களிலும் அடிக்கடி லீவு போட்டால் 78 எட்டாமல் போய்விடும். இது தெரியாமல் ஆஸ்பத்திரியில் போய் நின்று, கிடையாது என்று திரும்பி வந்த பெண், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைப்பாள். அதனால் மார்ச் மாதமே ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து, தடைக்காலத்தில் யாருக்கு எந்த வேலை கொடுக்க முடியும், பண்ணை இறால் வந்தால் யாரைக் கூப்பிடுவோம், உங்கள் நாள் கணக்கு இப்போது எவ்வளவு என்று சொல்லிவிடுகிறோம். ஜூன் 15-க்குப் பிறகு ஆட்கள் திரும்பி வருவதற்கு இந்த உட்காரல்தான் காரணம் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் தடைக்காலத்தில் திருப்பூருக்குப் போனவர்கள் அங்கேயே இருந்துவிடுவார்கள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு வரியை 50 சதவீதமாக்கியது. டி.வி.யில் இறால் ஏற்றுமதி முடங்கும் என்று செய்தி ஓடியது. மறுநாள் காலை வேனில் ஒரே பேச்சு: கம்பெனியை மூடப்போறாங்களாம், மெஷினை விற்கப்போறாங்களாம், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டாச்சாம். முதலாளிக்கு வாயைத் திறக்க மனமில்லை. "நமக்கே ஒண்ணும் தெரியாது, என்னத்தைச் சொல்ல?" என்றார். தெரியாததையே சொல்லுங்கள் என்றோம். கம்பூட் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மைக் இல்லை. இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவு: கையில் இருக்கும் ஆர்டர் இந்த மாதம் முடிய இருக்கிறது, சம்பளத் தேதி மாறாது. தெரியாதது: புது ஆர்டர் எவ்வளவு வரும். அடுத்து எப்போது சொல்வேன்: வெள்ளிக்கிழமை, இதே நேரம், இதே இடம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. அப்படியானால் எதற்குப் போக வேண்டும் என்றார். போகாவிட்டால் அன்று சாயங்காலமே மெஷின் விற்றாகிவிடும் என்றேன், சிரித்துக்கொண்டே போனார். "புதுசா ஒரு சேதியும் இல்லைம்மா. அடுத்த வெள்ளி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வரிக்கு இருந்த மதிப்பு, பின்னால் வந்த நல்ல சேதிக்குக்கூட இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். வேனில் மூடப்போறாங்களாம் பேச்சு அந்த வாரத்தோடு அடங்கியது.

சூப்பர்வைசர்கள் விஷயம் மிச்சம் இருக்கிறது. படித்துவிட்டு நேராக வேலைக்கு வரும் பிள்ளைகள், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு. அம்மா வயசுப் பெண்களை நிறுத்தி வைத்து வேலை வாங்க வேண்டும். பயத்தில் குரல் உயரும். "ஏய், சீக்கிரம்" என்று வரும். ஷிப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்று பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, முதலில் அது ஐந்து நிமிஷ வசையாகத்தான் இருந்தது. அதனால் அந்த ஐந்து நிமிஷத்தில் தனி ஆள் எவரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது, இன்றைய சரக்கு என்ன, எந்த அளவு, எப்போது முடியும் என்பதே முதல் பேச்சு, நேற்றைய கேள்விக்குப் பதில் அடுத்தது என்று வைத்தோம். பெரியவர்களை அக்கா, ஆத்தா என்று கூப்பிட வேண்டும், வாங்க போங்க என்றே பேச வேண்டும். ஒரு தம்பி, "அக்கான்னு கூப்பிட்டா வேலை வாங்க முடியாது மேடம்" என்றான். இந்த ஊரில் அக்கா என்று கூப்பிடாமல் ஒரு குடம் தண்ணீர்கூட வாங்க முடியாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. இப்போது அவன் மேசைதான் முதலில் முடிகிறது.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் பணியாளர் ஈடுபாட்டை அளக்க உலகம் முழுக்கக் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளில் முதலாவது, என்னிடம் என்ன வேலை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்பது. இன்னொன்று, என் கருத்துக்கு இங்கே மதிப்பு இருக்கிறதா என்பது. வருஷத்துக்கு ஒருமுறை தாள் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லும் முறை எங்களுக்கு ஒத்துவரவில்லை. யாருக்கோ பயந்து எல்லாரும் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டார்கள். நான் பார்ப்பது வேறு அடையாளங்கள்: காலையில் வேன் நிறைந்து வருகிறதா, லீவை முன்கூட்டிச் சொல்கிறார்களா, கேள்வி நோட்டில் புதுக் கேள்வி வருகிறதா, தங்கையையோ நாத்தனாரையோ வேலைக்குக் கூட்டி வருகிறார்களா. கடைசியாகச் சொன்னதுதான் நம்பகமானது. பிடிக்காத இடத்துக்கு எவளும் நாத்தனாரைக் கூட்டி வர மாட்டாள், பின்னால் வீட்டில் பேச்சு வாங்கவேண்டியிருக்கும்.

இன்னும் சரியாக அமையாதது ஹாஸ்டல் பெண்களோடு பேசுவது. பலகையில் எழுதுவது தமிழ், சாயங்காலச் செய்தி தமிழ். தமிழ் கொஞ்சம் பிடிபட்ட ஒரு பெண் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஓசியாக, தன் சாப்பாட்டு நேரத்தில். பாம்பனில் 2016 முதல் நடக்கும் கடல் ஓசை 90.4 வானொலியில் காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் மீனவர் பேச்சிலேயே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்பவன் மொழியில் சொன்னால்தான் சொன்னதாகும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அந்தப் பெண்ணையே ஒடியாவில் தனிக் குரல் செய்தி பேச வைத்திருக்கிறோம். அதற்கான நேரம் ஓவர்டைமில் சேரும். போன மாதம் சம்பளச் சிலிப்பையும் அவளே விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்து, ஹாஸ்டல் வாடகை என்று ஒரு பிடித்தம் இருக்கிறதே, அது சேரும்போது யாரும் சொல்லவில்லையே என்று கேட்டாள். நோட்டில் எழுதச் சொன்னேன். பதில் எழுத வேண்டியவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், இந்த வாரம் அவர் முறை.